வால் பக்கமா சுத்தி வா

ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்களை நான் ஒருநாளும் நம்பியதில்லை. விமானத்தில் இன்ஜின் நின்றுபோனால் இறக்கை இருக்கிறது, மிதந்தாவது கீழே வந்து சேரலாம். ஹெலிகாப்டரில் என்ன இருக்கிறது? தலைக்கு மேலே சுற்றும் கத்தி ஒன்று, அவ்வளவுதான். அதை நம்பி வானத்துக்குப் போகிறவனுக்கு மண்டையில் ஏதோ ஒரு நட்டு கழன்றுதான் இருக்கும். என் மகள் ரேலீன் அப்படி ஒருத்தனைத்தான் கட்டிக்கொண்டாள்.

அவன் பெயர் டீன் ஹாக்லி. பில்பின்னா மாட்டுப்பண்ணையில் ஹெலிகாப்டரை வைத்து மாடு ஓட்டுகிறவன். பண்ணை வீட்டில் அவனும் ரேலீனும் மட்டும்தான். மற்ற ஆட்கள் எல்லாம் தூரத்து முகாமில், மாட்டோடு மாடாகக் கிடப்பார்கள்.

அந்த வருஷம் நானும் என் மனைவி எல்வாவும் எங்கள் விமானத்தில் மேற்குக் கரை வரைக்கும் போய்வரக் கிளம்பியிருந்தோம். ப்ரூமில் சூரியன் கடலில் விழுவதைப் பார்க்க வேண்டுமாம் அவளுக்கு. "நம்ம பக்கம் கடல்ல இருந்து எந்திரிக்கத்தான் செய்யுது. அது விழுறதை ஒரு தடவையாச்சும் பாக்கணும் வெர்ன்" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலி போடும் தொழிலை விட்டபோது டிராக்டர், துளை போடும் எந்திரம் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வாங்கிய விமானம் அது. பழைய செஸ்னா, நான்கு இருக்கை. பின்னால் ஐஸ் பெட்டி, டீ போடும் கரி பிடித்த டப்பா, சுருட்டிக் கட்டிய படுக்கை. எங்கே இறங்குகிறோமோ அங்கே இறக்கைக்குக் கீழே விரித்துப் படுத்துவிடுவோம். எல்வா மடியில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வருவாள்.

"அந்த ஆறு இடது பக்கம் வரணும்யா. வலது பக்கம் வருது."

"ஆறு நகந்திருக்கும்."

"உன் மூளைதான் நகந்திருக்கு."

வழியில் ரேலீனைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பில்பின்னாவுக்குத் திரும்பினோம். கொஞ்ச நாளாகவே அவளிடமிருந்து போன் இல்லை. எப்போது கூப்பிட்டாலும் அவன்தான் எடுப்பான். "ரே வெளிய இருக்கா" என்பான். ராத்திரியிலும் வெளியே இருப்பாளா?

இந்தப் பக்கம் யாரும் நேராக வந்து இறங்குவதில்லை. முதலில் விமானம் இறங்குகிற மண்தளத்தின் மேலே தாழப் பறந்து கங்காருவையும் மாட்டையும் விரட்டிவிட்டு, சுற்றி வந்துதான் இறங்க வேண்டும். அப்படித் தாழப் பறந்தபோதுதான் அவனைப் பார்த்தேன். தளத்துக்கு அந்தப் பக்கம், ஹெலிகாப்டரில், ஒரு காளையைத் துரத்திக்கொண்டிருந்தான். மாடு ஓட்டுவது வேறு. இது அதில்லை. கூட்டத்தில் சேராத காளை போலிருக்கிறது. அது திரும்பி நின்று முட்ட வந்தது. அவன் மேலே எழும்பி, ஹெலிகாப்டரின் கால் தண்டால் அதன் முதுகில் ஓங்கி இறக்கினான். மறுபடியும் எழும்பி மறுபடியும் இறக்கினான். காளையின் பின்பாதி விழுந்துவிட்டது. முன்பாதி இன்னும் ஓடப் பார்த்தது.

"பாத்தியா?" என்றாள் எல்வா.

பார்த்தேன்.

இறங்கி ஓரமாக நிறுத்தி, இன்ஜினை அணைத்தேன். மூக்கிலிருக்கிற விசிறி இன்னும் சுற்றி முடியவில்லை. அதற்குள் அவன் பக்கத்தில் ஹெலிகாப்டரை இறக்கிவிட்டு, குனிந்துகொண்டு நேராக என் விமானத்தின் முன்பக்கமாக வந்தான். நான் ஜன்னலைத் திறந்து கத்தினேன். "டேய்! வால் பக்கமா சுத்தி வாடா!"

சிரித்தான். "பழக்கம் பெருசு, பழக்கம்."

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விமானத்துக்குக் கொல்கிற இடம் முன்னால், விசிறியில். அதனால் பின்னாலிருந்து, வாலைச் சுற்றி வர வேண்டும். ஹெலிகாப்டருக்கு நேர் எதிர். அதன் வாலில் ஒரு சின்ன விசிறி சுற்றும், சுற்றும்போது கண்ணுக்கே தெரியாது. அதனால் அந்தப் பக்கம் போகவே கூடாது. ஓட்டுகிறவன் பார்க்கிற மாதிரி முன்னாலிருந்து வர வேண்டும், மேலே சுற்றுகிற கத்திக்காகக் குனிந்து வர வேண்டும். வருஷக்கணக்காக அதையே செய்கிறவனுக்கு உடம்பே அதைச் செய்யும், தலை தேவையில்லை.

"ரேலீன் எங்க?" என்று எல்வா கேட்டாள். இறங்கவே இல்லை, அதற்குள் கேட்டாள்.

"தலைவலி. படுத்திருக்கா. நீங்க வர்றதா சொல்லவே இல்லையே."

"சொல்லலாம்னு போன் பண்ணினா நீதானே எடுக்கறே."

அவன் அதற்கும் சிரித்தான். நன்றாகச் சிரிப்பான். சிரிக்கிறவனையும் நான் நம்புவதில்லை.

ரேலீன் படுத்திருக்கவில்லை. சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். ஒரு கண் மூடிப்போய், சுற்றிலும் கத்தரிக்காய் நிறம். முன்பல் ஒன்று பாதி இல்லை. ஒரு கால் முட்டியில் துணி சுற்றியிருந்தது. எங்களைப் பார்த்ததும் கத்தி கீழே விழுந்தது.

"குதிரை தூக்கிப் போட்டுருச்சும்மா" என்றாள்.

எல்வா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கன்னத்தில் சின்னதாகச் சதுரமாக ஒரு வெட்டு. எல்வா திரும்பி டீனின் கையைப் பார்த்தாள். சதுரக் கல் மோதிரம். கல்யாணத்துக்கு நாங்கள் போட்டது.

"எந்தக் குதிரைடி மோதிரம் போட்டுக்கிட்டு சுத்துது?" என்று கேட்டாள்.

டீன் கைகழுவப் போனான்.

பின்வாசலில் நாய்ச் சங்கிலி கிடந்தது. நாய் இல்லை. டிங்கர் என்று மாடு ஓட்டுகிற ஒரு நீலநிற நாய், ரேலீன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வளர்த்தது. எங்கே என்று கேட்டேன். ரேலீன் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் சொன்னாள்.

"சுட்டுட்டான்ப்பா. நான் வண்டி எடுத்துக்கிட்டுப் போகப் பார்த்தேன். ரெண்டாவது கேட்லயே பிடிச்சுட்டான். டிங்கரோட கழுத்துப்பட்டையை என்னைப் பிடிச்சுக்கச் சொல்லி, நான் பிடிச்சிருக்கும்போதே சுட்டான். அடுத்த தடவை நீன்னு சொன்னான்." குழாயை மூடப் போனவள் மறுபடியும் திறந்தாள். "அப்பா. உன் பிளேன் மூணு பேரைத் தூக்குமா?"

"தூக்கும்."

"செய்வான்ப்பா. சொன்னதைச் செய்வான்."

"தெரியும். காளையைப் பாத்தோம்."

சாப்பாட்டுக்கு உட்கார்ந்தோம். உப்புக்கண்ட மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, கடுகுக் குழம்பு. ரேலீனால் மெல்ல முடியவில்லை. எல்வா நேரடியாகவே சொன்னாள், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள் அவள்.

"ரேலீன் எங்களோட ப்ரூம் வர்றா. கடலைப் பாக்கட்டும். பல்லையும் பாத்துக்கலாம்."

"அவ எங்கயும் வரல எல்வா."

"அவளைக் கேக்கலாமே."

"ரே" என்றான் அவன், மென்றுகொண்டே. "எங்கயாச்சும் போறியா?"

ரேலீன் தட்டைப் பார்த்தாள். "கொஞ்ச நாள் போயிட்டு வரட்டுமா டீன்" என்றாள்.

அவன் எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்தபடியே புறங்கையால் வாயில் அடித்தான். நாற்காலியோடு அவள் சரிந்தாள். தலை அடுப்பின் ஓரத்தில் மோதிய சத்தம் எனக்கு இப்போதும் கேட்கும்.

அடுப்பின் மேல் வார்ப்பிரும்புச் சட்டி ஒன்று மூடியோடு இருந்தது. மூடியை எடுத்து அவன் காதோடு சேர்த்து அடித்தேன். காது கிழிந்தது. கீழே விழுவான் என்று நினைத்தேன், விழவில்லை. எனக்கு எழுபது தாண்டிவிட்டது, அடித்த அடியில் பாதி கை நடுக்கத்திலேயே போய்விட்டது. அவன் என் சட்டையைப் பிடித்துச் சுவரில் வைத்து, வேலிக்கம்பு இறக்குகிற மாதிரி ஒரே இடத்தில் குத்தினான். விலா உடைகிறபோது காய்ந்த சுள்ளி உடைகிற மாதிரி இருக்கும். நான் கீழே விழுந்த பிறகு பூட்ஸ் காலால் உதைத்தான். எல்வா முள்கரண்டியை அவன் தோளில் குத்தினாள், உள்ளே இறங்கி நின்றது. அவன் அதைப் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டு, அவளை ஒரு தள்ளுத் தள்ளினான்.

பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தான். என் கழுத்தில் கயிற்றில் தொங்கிய விமானச் சாவியை அறுத்து எடுத்தான். சாவியை நான் எங்கேயும் வைத்துவிட்டுப் போகிறவன் இல்லை, அது அவனுக்குத் தெரியும்.

"லீவுதானே பெருசு. கொஞ்ச நாள் இங்கயே இருங்க. உடம்பு தேறினதும் நீங்க ரெண்டு பேரும் போலாம்." காதிலிருந்து ரத்தம் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "ரெண்டு பேரும்" என்று மறுபடியும் சொன்னான்.

அன்றைக்கு மீதிப் பொழுது முழுக்க அவன் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் ரம் குடித்தான். இரண்டு பிக்கப் வண்டிகளின் சாவியும், சாட்டிலைட் போனும், வீட்டு ரேடியோவின் மைக்கும் அவன் பையில்.

காலையில் ஹெலிகாப்டரில் ஏறிக் கிளம்பினான். முகாமுக்குப் போகிறானாம், மத்தியானம் வருவானாம். துப்பாக்கியை ஹெலிகாப்டரில் வைத்ததைப் பார்த்தேன். கிளம்பும் முன் ரேலீனின் நெற்றியில் முத்தம் கொடுத்தான்.

சத்தம் தெற்கே போனது. நான் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். தூரம் போகிற சத்தம் தேய்ந்து தேய்ந்து போகும். அது தேயவில்லை, அறுந்தது.

"போகல" என்றேன். "மாட்டுத் தண்ணித் தொட்டிக்கரை மரத்துக்குப் பின்னால எறக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். நாம என்ன பண்றோம்னு பாக்கறான்."

"பாக்கட்டும்" என்றாள் எல்வா. தன் பின்னல் பையைக் கவிழ்த்தாள். நூல்கண்டுகளுக்கு நடுவில் ஒரு சாவி விழுந்தது. விமானத்தின் இன்னொரு சாவி. தொலைந்துவிட்டது என்று நான் தேடி ஓய்ந்தது.

"எங்கேடி கிடைச்சுது?"

"எங்கயும் கிடைக்கல. நான்தான் எடுத்து வெச்சேன். உன்னை நம்பி பாலைவனத்துக்கு மேல பறக்க எனக்கென்ன பைத்தியமா?"

சிரிக்கப் போய் விலா குத்தி உட்கார்ந்துவிட்டேன்.

வேறு வழி இல்லை. இருந்தால் ரேலீன் சாவாள். எங்களை அனுப்பிவிட்டுத்தான் அவளைத் தொடுவான். அவன் கேட்கட்டும், வரட்டும். அவன் வருவதற்குள் சக்கரம் தரையை விட்டால் போதும். மேலே போய்விட்டால் அந்தச் சின்ன ஹெலிகாப்டரால் என்னைப் பிடிக்க முடியாது.

நான் முன்னால் போனேன். மாட்டுப்பட்டியைத் தாண்டித் தளம் வரைக்கும் நடப்பதற்குள் வாயில் இரும்பு ருசி. ரேலீன் முட்டி மடங்காமல் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். விமானத்தில் ஏறி, சாவியைத் திருகினேன். விசிறி இரண்டு தரம் இழுத்து நின்றது. திட்டினேன். மறுபடியும் திருகினேன். பிடித்துக்கொண்டது. விசிறி ஒரு மங்கலான வட்டமாக மாறி, பிறகு அதுவும் இல்லாமல், முன்னால் வெறும் வெளி தெரிந்தது.

அதே நேரத்தில் மரத்துக்குப் பின்னாலிருந்து அவன் சத்தமும் எழுந்தது.

ரேலீன் அதைக் கேட்டாள். கேட்டதும் அம்மாவின் தோளை விட்டுவிட்டு ஓட ஆரம்பித்தாள். அந்த முட்டியோடு எப்படி ஓடினாளோ. தலையைக் குனிந்துகொண்டு, நேராக விமானத்தின் முகத்தைப் பார்த்து வந்தாள். அவன் கூடவே வருஷக்கணக்காக ஹெலிகாப்டரில் ஏறி இறங்கியவள். நான் கத்தியது இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. சிவப்புக் குமிழைப் பிடித்தேன், அதை இழுத்தால் பெட்ரோல் நின்று இன்ஜின் அணையும். இழுப்பதற்குள் எல்வா அவள் தலைமுடியைப் பிடித்துவிட்டாள். பிடித்து, மாட்டைக் கயிற்றில் இழுப்பதுபோல ஒரே இழுப்பில் மல்லாக்கத் தள்ளினாள். ரேலீனின் கால்கள் விசிறிக்கு ஒரு முழம் முன்னால் புழுதியில் கிடந்தன.

"வால் பக்கமாடி! வால் பக்கமா சுத்தி!" எல்வாவின் வாயைப் பார்த்துத்தான் சொன்னது புரிந்தது.

தரதரவென்று அவளை வாலைச் சுற்றி இழுத்து வந்து, கதவைத் திறந்து, பின்னால் ஐஸ் பெட்டியின் மேல் எறிந்தாள். தானும் ஏறினாள். அவள் விரல் இடுக்கில் ஒரு கொத்து முடி.

நான் வேகம் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளினேன். விமானம் நகர்ந்தது. அவ்வளவுதான் நகர்ந்தது. எங்களுக்கு முன்னால், தளத்தின் நட்டநடுவில், புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஹெலிகாப்டர் இறங்கியது. பிரேக்கை மிதித்தேன். பின்னால் பட்டி வேலி, பக்கத்தில் பள்ளம், திருப்ப இடமில்லை. கண்ணாடிக் குமிழிக்குள் அவன் தெரிந்தான், தலையில் காதுமூடிய ஹெல்மெட். இன்ஜினை அணைக்காமலே, மேல்கத்தி சுற்றச் சுற்ற இறங்கினான். அது இங்கே எல்லாரும் செய்கிற தப்பு. குனிந்து, கையை நீட்டி, இருக்கைக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியை எடுத்தான்.

"அவன் என்னைச் சுட்டுருவான்ப்பா" என்றாள் ரேலீன். கத்தவில்லை. சும்மா சொன்னாள்.

"கீழ படுடி" என்று எல்வா அவள் மேல் படுத்தாள்.

அவன் வந்தான். அவனைச் சுற்றி அவனுடைய புழுதி. காதில் அவனுடைய இரைச்சல். என் இன்ஜின் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தாலும் அந்தக் கோபத்தில் எது எந்தச் சத்தம் என்று யார் பிரிப்பார்கள்? கண் ரேலீன் இருந்த இடத்திலேயே இருந்தது. நான் ஜன்னல் வழியே கையை நீட்டி, போ, பின்னால் போ என்று வீசினேன். அவன் துப்பாக்கியைத் தூக்கினான். நான் சிவப்புக் குமிழை முழுக்க வெளியே இழுத்தேன். பெட்ரோல் நின்றாலும் விசிறி உடனே நிற்காது.

தலைக்கு மேலே எதுவும் இல்லாத இடத்தில் அவன் குனிந்தான். தன் ஹெலிகாப்டர் கத்தியின் வட்டத்தை விட்டு எப்போதோ வெளியே வந்துவிட்டான், உடம்புக்கு அது தெரியவில்லை. நிமிர்ந்து வந்திருந்தால் நெஞ்சில் பட்டிருக்கும். குனிந்ததால் தலை சரியாக அந்த உயரத்துக்கு வந்தது.

கோடரியால் ஈர மரத்தை வெட்டுகிற சத்தம். விமானம் முழுக்க ஒரு தரம் உதறியது. முன்கண்ணாடி ஒரே நொடியில் சிவப்பாகி, எனக்கு வெளியே எதுவும் தெரியாமல் போனது. ஹெல்மெட்டின் ஒரு துண்டு இறக்கையில் பட்டுத் தெறித்தது. துப்பாக்கி எங்கோ வானத்தைப் பார்த்து ஒருமுறை வெடித்தது. விசிறி கோணலாகி, இன்னும் அரைச் சுற்று சுற்றி, நின்றது.

ஐஸ் பெட்டி உடைந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

எல்வாதான் முதலில் இறங்கிப் போய்ப் பார்த்தாள். பார்த்துவிட்டு வந்து, சுருட்டி வைத்திருந்த எங்கள் படுக்கையை எடுத்துப் போனாள். கேன்வாஸ் உறையை உருவி அவன் மேல் போர்த்தி, நான்கு மூலையிலும் கல் வைத்தாள்.

"பாக்காத" என்று ரேலீனிடம் சொன்னாள்.

அவள் பார்த்தாள். பக்கத்தில் நின்று, போர்வைக்கு வெளியே கிடந்த கையை, அந்த மோதிரத்தை, கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நொண்டிக்கொண்டே ஹெலிகாப்டரை நோக்கிப் போனாள். அது இன்னும் தளத்தின் நடுவில் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. முன்னாலிருந்து, குனிந்து, ஓட்டுகிறவன் பார்க்கிற மாதிரி போனாள். ஓட்டுகிறவன்தான் இல்லை. உள்ளே கையை விட்டு அணைத்தாள். கத்தி நிற்கும் வரைக்கும் நிமிரவில்லை. சத்தம் நின்ற பிறகு ஈ மொய்க்கிற சத்தம் கேட்டது.

"ரொம்ப நேரமா ஓடிக்கிட்டே இருந்துச்சுப்பா" என்றாள் வந்து. "அதான்."

விமானத்து ரேடியோவில், மேலே உயரத்தில் போய்க்கொண்டிருந்த பயணிகள் விமானம் ஒன்று எனக்குப் பதில் சொன்னது. அவர்கள் செய்தி சொல்லி, தூரத்துப் பண்ணைகளுக்கு வைத்தியம் பார்க்க வரும் பறக்கும் டாக்டரின் விமானம் வந்தது. கூடவே ஒரு போலீஸ்காரன், மீசை முளைத்துக் கொஞ்ச நாள் ஆன பையன். என்னைக் கேள்வி கேட்டான். போலீஸ்காரனையும் நான் நம்புவதில்லை, ஆனாலும் நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

"ஹெலிகாப்டர் ஓட்டத் தெரிஞ்சவன். விசிறி சுத்தறது தெரியாமலா வருவான்?" என்றான்.

"என் பொண்ணும் அப்படித்தான் வந்தா."

"நீங்க ஏன் முன்னாடியே இன்ஜினை அணைக்கல?"

"அணைச்சிருந்தா நீ இன்னிக்கு மூணு போர்வை கொண்டு வந்திருக்கணும் தம்பி."

அதை எழுதிக்கொண்டானா என்று தெரியாது. ரேலீனின் கன்னத்து வெட்டைப் பார்த்தான், நாய்ச் சங்கிலியைப் பார்த்தான், துப்பாக்கியை எடுத்துக்கொண்டான். பிறகு கேள்வி குறைந்துவிட்டது.

என் விமானத்தின் விசிறி வாழைப்பழத்தோல் மாதிரி மடங்கிப் போயிருந்தது. இன்ஜினும் போயிருக்கும். எல்வா அதன் மூக்கைத் தட்டிக்கொடுத்தாள்.

"ப்ரூம் எங்கயும் போயிடாது" என்றாள்.

"ஆறு நகருதே. அதுவும் நகரும்."

"வாயை மூடு. விலா குத்தும்."

பறக்கும் டாக்டரின் நர்ஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ரேலீனைக் கூப்பிட்டாள். அவர்கள் விமானத்துக்கு இரண்டு இன்ஜின், இரண்டு விசிறி. இரண்டும் அணைந்து எவ்வளவோ நேரம் ஆகியிருந்தது. "இப்படியே வாம்மா, கிட்டத்தான்" என்றாள் நர்ஸ், இறக்கைக்கு முன்னாலேயே வழி காட்டி.

ரேலீன் நின்றாள். நின்று அந்த விசிறியைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தே, அந்த நொண்டிக் காலோடு, இறக்கையின் நுனியைத் தாண்டி, வாலைத் தாண்டி, முழுக்கச் சுற்றிக்கொண்டு வந்து ஏறினாள்.